நன்றியுள்ள நாய்க்கு ஒரு குப்பி மருந்து

மழைக்காலம் தொடங்கிவிட்டால் நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் ஒரு செய்தி தவறாமல் வரும். வீட்டுக்குள் நுழையப் பார்த்த நல்ல பாம்பை நாய் மறித்தது, குதறிப்போட்டது, கடிபட்டுத் தானும் செத்தது. ஊர்க்காரர்கள் மாலை போட்டு அடக்கம் செய்தார்கள். 'உயிர் கொடுத்து எஜமானரைக் காத்த நாய்' என்று தலைப்பு; நாயின் உடலுக்குப் பக்கத்தில் அழுகிற பிள்ளையின் படம். நாமும் உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம்.

அந்தச் செய்தியில் ஒரு தகவல் மட்டும் பெரும்பாலும் இருக்காது. கடிபட்டதற்கும் செத்ததற்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருந்தது, அந்த நேரத்தில் நாயை எங்கே கொண்டுபோனார்கள் என்பதுதான் அது. பாம்போடு சண்டை முடிந்த கையோடு அங்கேயே விழுந்து செத்த நாய்கள் குறைவு. நல்ல பாம்பின் விஷம் மூச்சை நிறுத்த அரைமணியும் ஆகலாம், சில மணி நேரமும் ஆகலாம். கண்ணாடி விரியன் கடித்தால் ஒன்றிரண்டு நாள்கூட இழுக்கும். வைத்தியம் முழுக்க அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. நாய்க்கும் பூனைக்கும் பாம்புக்கடிக்கு மருந்து உண்டா என்று இன்னமும் கேட்கிறார்கள். உண்டு. மனிதருக்கு ஏற்றுகிற அதே விஷமுறிவு மருந்துதான். இந்தியாவில் வீட்டு விலங்குகளுக்கென்று தனியாக ஒன்று கிடையாது, தேவையும் இல்லை.

தேவைப்படுவது வேறு. கடித்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும், நேரத்தைத் தின்கிற காரியங்களைச் செய்யாமல் இருக்க வேண்டும், மருந்து இருக்கிற இடம் எது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

மூக்கில் வாங்கும் நாய், காலில் வாங்கும் பூனை

நாய் எதையும் மூக்கால்தான் விசாரிக்கும். அதனால் அதற்குக் கடி விழுவது பெரும்பாலும் மூஞ்சியில், இல்லாவிட்டால் முன்னங்காலில். பூனை அப்படியில்லை; முன்னங்காலால் தட்டி விளையாடிப் பார்க்கும், கடியும் அந்தக் காலில்தான் விழும். இரண்டு பல் தடம் தெரிகிறதா என்று ரோமத்தை விலக்கித் தேடிக்கொண்டிருப்பது வீண்வேலை. ரோமத்துக்குள் தடம் தெரியாது, வீங்கிய தோலில் மறைந்துவிடும், சில சமயம் ஒரு பல்தான் பதிந்திருக்கும். கட்டுவிரியன் கடித்தால் தடமோ வீக்கமோ இல்லாமலே போகும்.

நம் ஊரில் உயிருக்கு உலைவைக்கும் கடிகள் பெரும்பாலும் நான்கு பாம்புகளுடையவை. நல்ல பாம்பும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்குகின்றன. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் ரத்தத்தைக் கெடுக்கின்றன. இந்தப் பிரிவு மனதில் இருந்தால் பாம்பைப் பார்க்காமல் போனாலும் பாதி விஷயம் பிடிபட்டுவிடும்.

கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ கடித்த நாய் முதலில் வலியில் வீல் என்று கத்தும். அரைமணிக்குள் மூஞ்சி ஒருபக்கமாக வீங்க ஆரம்பிக்கும், தொட விடாது. தேனீ கொட்டினாலும் மூஞ்சி வீங்கத்தான் செய்யும். ஆனால் அந்த வீக்கம் மெத்தென்று, பெரும்பாலும் இரு கண்ணிமைகளையும் சேர்த்து ஊதியிருக்கும்; அவ்வளவு வலி இருக்காது. விரியன் கடி வீக்கம் கன்றிப்போய், நேரமாக ஆகப் பரவிக்கொண்டே போகும். கடித்த இடத்திலிருந்து ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும், நிற்காது. உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ரத்தக்கசிவோ சிவப்புப் புள்ளிகளோ இருக்கலாம். அடிவயிறு, தொடையிடுக்கு, காதின் உட்புறம் என்று ரோமம் குறைந்த இடங்களில் ஊதாத் திட்டுகள் தெரியலாம். சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகலாம். ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் திரும்பச் சிவக்க வேண்டும். அதற்கு மேல் ஆனால் ரத்த ஓட்டம் சரிகிறது என்று பொருள்.

நல்ல பாம்பு கடித்தாலும் கடித்த இடம் வீங்கும், பிற்பாடு சதை கறுத்து அழுகவும் செய்யும். ஆளைச் சாய்ப்பது அதுவல்ல. நாய் தள்ளாடும், பின்னங்கால் மடங்கும். இமை பாதி மூடித் தொங்கும், கண்ணின் பாவை விரிந்து நிற்கும். விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகும். குரைத்தால் குரல் வேறு யாருடையதோபோல வரும். அப்புறம் மூச்சு மேலோடு நிற்கும். நெஞ்சு அசைவது குறைந்து, வயிறு மட்டும் ஏறி இறங்கும்.

கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. கடித்தது கடிபட்ட பிராணிக்கே சரியாகத் தெரிகிறதோ இல்லையோ, நமக்குத் தெரியாது. இரவு சோறு தின்று படுத்த நாய் விடியற்காலையில் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. "ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சுங்க டாக்டர், காலையில பாத்தா வாயெல்லாம் எச்சி, நிக்கவே மாட்டேங்குது" என்று கொண்டுவருவார்கள்.

இங்கே ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். எச்சில் ஒழுகுவது, தாடை தொங்குவது, குரல் மாறுவது, பின்னங்கால் விழுவது எல்லாமே வெறிநோயிலும் உண்டு, அதுவும் சத்தமில்லாமல் முடக்குகிற வகையில். தெருநாய் ஒன்று இப்படிக் கிடந்தால் ஊர் முதலில் சொல்வது 'வெறி பிடிச்சிருச்சு' என்பதுதான். அடித்தே கொன்றுவிடுவதும் உண்டு. எதிர்ப்பக்கத் தவறும் ஆபத்துதான். பாம்புக்கடி என்று நாமே முடிவு செய்து, தொண்டையில் ஏதாவது அடைத்திருக்கிறதா என்று வாய்க்குள் கைவிட்டு, அது வெறிநோயாக இருந்துவிட்டால்? தடுப்பூசி போட்ட வளர்ப்பு நாயா, சில மணி நேரத்துக்குள் திடீரென்று வந்த மாற்றமா என்பவை டாக்டர் கேட்கும் முதல் கேள்விகள். வெறிநோய் நாள்கணக்கில் முற்றும், பாம்புக்கடி மணிக்கணக்கில். எப்படியானாலும் எச்சிலில் வெறுங்கை படவேண்டாம். வயலுக்குத் தெளித்த பூச்சிமருந்தை நக்கிய நாய்க்கும் எச்சில் ஒழுகும், ஆனால் அதற்குப் பாவை ஊசிமுனையளவு சுருங்கி, உடம்பு உதறும்.

பூனை விஷயம் தனி. வலி வந்தால் அது கட்டிலுக்கு அடியிலோ பரணிலோ போய் ஒளிந்துகொள்ளும். அதனால் பூனைகள் ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகத்தான் வருகின்றன. எப்போதும் தாவி ஏறுகிற மதிலில் ஏறமுடியாமல் தடுமாறுவது, விரிந்த பாவை, மாறிப்போன 'மியாவ்' இவைதான் துப்பு. ஆனாலும் பூனைக்கு ஒரு சலுகை உண்டு. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்ட ஆய்வில், அந்நாட்டுக் கிழக்குப் பழுப்புப் பாம்பு கடித்து விஷமுறிவு மருந்து கிடைக்காத நாய்களில் 31 சதவீதமே பிழைத்தன என்றும் பூனைகளில் 66 சதவீதம் பிழைத்தன என்றும் தெரியவந்தது. அந்த விஷம் நாயின் ரத்தத்தில் மிக வேகமாக வேலை செய்து, உறையவைக்கும் சரக்கையெல்லாம் தீர்த்துவிடுகிறது. பூனையின் ரத்தத்தில் அந்த வேகம் இல்லை. நாயைப்போல ஓடி ஆடாமல் பூனை ஓரிடத்தில் முடங்கிவிடுவதும், மூக்கில் கடிபடாமல் காலில் கடிபடுவதும் அதற்குச் சாதகம் என்கிறார்கள். அது அவ்வூர்ப் பாம்பின் கதை. நம் கண்ணாடி விரியனிடம் பூனைக்கு ஒன்பது உயிர் என்று நம்பி வீட்டில் வைத்துக்கொண்டிருக்க இது சாக்கு ஆகாது.

முதல் அரைமணி

கடித்துவிட்டது, அல்லது கடித்திருக்குமோ என்று சந்தேகம். முதலில் நாயின் கழுத்துப் பட்டையைக் கழற்றுங்கள். மூஞ்சியில் விழுந்த கடி கழுத்துவரை வீங்கும், பட்டையே சுருக்காகிவிடும். நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொள்ளுங்கள். பெரிய நாயென்றால் போர்வையில் கிடத்தி இரண்டு பேர் தூக்கலாம். நடந்தால் தசை வேலை செய்து விஷத்தை வேகமாகத் தள்ளும். பூனையை மூடியுள்ள கூடையிலோ காற்று போகிற அட்டைப்பெட்டியிலோ வைத்துவிட வேண்டும்; மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டே போக இது நேரமில்லை. எவ்வளவு பாசமான நாயும் வலியில் கடிக்கும். அதற்காக வீங்கிய மூஞ்சியைத் துணியால் கட்டினால் மூச்சு முட்டிப்போகும். தலையைத் துண்டால் தளர்வாகச் சுற்றிப் பிடிப்பது மேல்.

காலில் கயிறு கட்டுவது, கீறி ரத்தம் வெளியேற்றுவது, ஐஸ் வைப்பது, மஞ்சள் அப்புவது எதுவுமே உதவாது, கெடுதல்தான். விரியன் கடித்த உடம்பில் ரத்தம் உறையாது என்று பார்த்தோமே, அங்கே பிளேடால் கீறினால் என்ன ஆகும்? வாய்வழி பச்சிலைச் சாறு ஊற்றுவது அதைவிட மோசம். விழுங்க முடியாத பிராணிக்கு ஊற்றியது நேராக நுரையீரலுக்குப் போகும். தண்ணீருக்கும் பாலுக்கும்கூட இதே விதிதான். வலி தாங்கட்டும் என்று வீட்டிலிருக்கும் பாரசிட்டமாலை உடைத்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். பூனைக்குப் பாரசிட்டமால் விஷம். ஒரு மாத்திரையே கொன்றுவிடும். ஐபுரூஃபன் வகையறா மாத்திரைகள் நாயின் சிறுநீரகத்தையும் ரத்தம் நிற்கும் தன்மையையும் கெடுக்கும். கண்ணாடி விரியனும் அதே இரண்டைத்தான் குறிவைக்கிறது.

பாம்பைத் தேடி அடித்து எடுத்துப் போகவேண்டிய அவசியமே இல்லை. நம் நாட்டு மருந்து நான்கு பாம்புக்கும் ஒன்றேதான். தள்ளி நின்று ஒரு படம் எடுக்க முடிந்தால் சரி. வெட்டிய பாம்பின் தலையும் சிறிது நேரம் கடிக்கும் என்பதை மறக்கவேண்டாம். பூனை வாயில் கவ்வி வருவது பலசமயம் விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையனாக இருக்கும். அதைக் கட்டுவிரியன் என்று நினைத்து அலறுவதும், கட்டுவிரியனை வெள்ளிக்கோல் வரையன் என்று அசட்டையாக விடுவதும் நடக்கிறது. அடையாளம் பார்க்கும் வேலையை டாக்டருக்கு விட்டுவிடலாம். கண்ணாடி விரியன் சீறினால் குக்கர் ஆவி விடுவதுபோல் நீளமாகக் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வேர் கட்டுபவர், மந்திரிப்பவர், பார்வை பார்ப்பவர் என்று ஊர்தோறும் உண்டு. அவர்களிடம் போய்ப் பிழைத்த நாய்களும் உண்டுதான். விஷமில்லாத பாம்பு கடித்தவை அவை, அல்லது விஷப்பாம்பே விஷம் இறக்காமல் கடித்துவிட்டுப் போனவை. கீரி சண்டைக்கு நடுவே ஓடிப்போய் ஒரு பூண்டைத் தின்று விஷத்தை முறித்துக்கொண்டு வரும் என்ற கதையும் இதில் சேரும். நல்ல பாம்பின் நரம்பு விஷம் போய் ஒட்டவேண்டிய இடம் கீரியின் தசையில் வேறு வடிவத்தில் அமைந்திருக்கிறது, விஷத்தால் அங்கே சரியாக ஒட்ட முடிவதில்லை. கீரி அதோடு பிறக்கிறது. நம் ராஜபாளையத்துக்கும் சிப்பிப்பாறைக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை.

கண்ணாடிக் குழாயில் இருபது நிமிடம்

கால்நடை மருத்துவமனையில் நடக்கும் பரிசோதனைகளில் முக்கியமானது மிக எளிமையானது. டாக்டர் முன்னங்காலில் ரத்தக்குழாய் பார்த்து 2 மி.லி. ரத்தம் எடுக்கிறார். கழுத்து ரத்தக்குழாயில் எடுப்பதில்லை, ரத்தம் உறையாத உடம்பில் அங்கே அழுத்திப் பிடித்து நிறுத்துவது கஷ்டம். எடுத்த ரத்தத்தைச் சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் விட்டு மேசை ஓரத்தில் நிற்கவைக்கிறார். யாரும் தொடக்கூடாது, ஆட்டக்கூடாது. வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்க்கிறார், நாயைப் பார்க்கிறார், குழாயைப் பார்க்கிறார். 20 நிமிடம் ஆனதும் டாக்டர் குழாயை எடுத்து மெல்லச் சாய்க்கிறார். நல்ல ரத்தம் என்றால் கட்டியாக அடியில் பிடித்துக்கொண்டு நகராது. விரியன் விஷம் ஏறியிருந்தால் தண்ணீராகச் சாய்ந்து ஓடும். குழாய் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும். ரத்தத்தை உறையத் தூண்டுவது கண்ணாடியின் பரப்பு. பிளாஸ்டிக்கில் நல்ல ரத்தமும் ஏமாற்றும். சோப்பு போட்டுக் கழுவிய குழாயும் ஏமாற்றும். ஸ்கேனும் இயந்திரமும் இல்லாத தாலுகா கால்நடை மருந்தகத்தில்கூட இதைச் செய்துவிடலாம்.

ரத்தம் உறையவில்லை என்றாலோ, நரம்பு பாதித்த அறிகுறி இருந்தாலோ, வீக்கம் வேகமாக ஏறினாலோ விஷமுறிவு மருந்துதான். வேறு எதுவும் அதன் இடத்தை நிரப்பாது. அந்த மருந்து வருகிற வழி நம் ஊர் வழியாகவே இருப்பது பலருக்குத் தெரியாது. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்தான் நாட்டின் மருந்து நிறுவனங்களுக்கு விஷம் கொடுக்கும் முதன்மையான இடம். பாம்பை மூன்று வாரம் வைத்திருந்து விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வைத்துத் திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எடுத்த விஷத்தைக் குதிரைக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தால் மருந்து. பாம்பின் விஷம் ஊருக்கு ஊர் மாறும். மருந்துக்கான விஷத்தில் பெரும்பங்கு நம் வட மாவட்டப் பாம்புகளிடமிருந்து வருவதால், இங்கே கடிபட்ட நாய்க்கு அது ஒருவகையில் அனுகூலம். மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில், மூக்கு மேல்நோக்கி நிற்கும் சிறிய குழிவிரியன் கடித்தால் மட்டும் இந்த மருந்து வேலை செய்யாது. அங்கே வலியையும் ரத்தக்கசிவையும் பார்த்துப் பார்த்துச் சமாளிக்க வேண்டியதுதான்.

எத்தனை குப்பி என்பதில்தான் வீட்டுக்காரருக்கும் டாக்டருக்கும் பேச்சு முட்டும். "பத்து கிலோ நாய்தானே சார், கால் குப்பி பத்தாதா?" பாம்பு எடை பார்த்துக் கடிப்பதில்லை. ஒரு மி.லி. மருந்து கண்ணாடி விரியனின் விஷத்தில் 0.6 மில்லிகிராமை முறிக்கும், 10 மி.லி. குப்பி 6 மில்லிகிராமை. அந்தப் பாம்பு ஒரு கடியில் சராசரியாக 63 மில்லிகிராம் இறக்கும் என்பது நம் மருத்துவ நெறிமுறையில் உள்ள கணக்கு. மனிதருக்கு 8 முதல் 10 குப்பியில் தொடங்குவது இதனால்தான். உள்ளே போன விஷத்துக்குத்தான் மருந்தே ஒழிய உடம்பின் எடைக்கு அல்ல. கணக்குப்படி பார்த்தால் சின்ன நாய்க்கு ஆபத்து அதிகம், மருந்து குறைவாகத் தேவைப்படப் போவதில்லை. ஆனால் எல்லாக் கடியிலும் முழு விஷம் இறங்குவதில்லை. ஒன்றிரண்டு குப்பியில் தேறிய நாய்களும் இருக்கின்றன, ஐந்தாறு ஏற்றிய பிறகு தேறியவையும் இருக்கின்றன. அரசு ஆஸ்பத்திரியில் மனிதருக்கு இலவசமாகக் கிடைப்பது நாய்க்கு வெளி மருந்துக்கடையில் காசு கொடுத்து வாங்குவதாக இருக்கும். இரவு பதினொரு மணிக்கு எந்தக் கடையில் இருக்கிறது என்று தேடுவதில் போகிற நேரத்தைத்தான் நான் பெரிய எதிரி என்பேன்.

மருந்தை உப்புநீர் டிரிப்பில் கலந்து மெதுவாக ஏற்றுவார்கள். குதிரைப் புரதம் என்பதால் ஒவ்வாமை வரலாம். முகம் வீங்குவது, வாந்தி, ரத்த அழுத்தம் விழுவது என்று தொடங்கினால் அட்ரினலின் ஊசி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வீட்டில் வைத்துப் போடுகிற ஊசி இது இல்லை. ஸ்டீராய்டு ஊசியை மட்டும் போட்டு அனுப்பினால் அது பாம்புக்கடி வைத்தியமே ஆகாது.

நல்ல பாம்புக் கடியில் மூச்சு நின்றுவிட்டால்? இந்தக் கட்டத்தில் கைவிடப்பட்ட நாய்களை நினைத்தால்தான் எனக்கு அதிக வருத்தம். தசையெல்லாம் செயலிழந்து, கண் விரிந்து, தொட்டால் அசையாமல் கிடக்கும். செத்துவிட்டது என்றே தோன்றும். நெஞ்சில் கைவைத்தால் இதயம் துடித்துக்கொண்டிருக்கும். நினைவுகூட இருக்கலாம். தொண்டையில் குழாய் இறக்கிச் செயற்கையாக மூச்சு கொடுத்துக்கொண்டே இருந்தால், மருந்தும் நியோஸ்டிக்மின் ஊசியும் சேர்ந்து சில மணி நேரத்தில் தசையை எழுப்பிவிட வாய்ப்பு உண்டு. வென்டிலேட்டர் எல்லா ஊரிலும் இல்லை. இல்லாத இடத்தில் ஆம்பு பையைக் கையால் அமுக்கியபடி உதவியாளரும் வீட்டுக்காரரும் முறைவைத்து உட்கார வேண்டியிருக்கும். கை வலிக்கும், சலிப்பு வரும், மூன்றாவது மணியில் ஒரு இமை லேசாகத் துடிக்கும். கட்டுவிரியன் அப்படி இறங்கி வராது. அது நரம்பின் முனையையே சேதப்படுத்துவதால், பிந்திப் போடும் மருந்து பழுதைத் திருப்பாது; நரம்பு முனை புதிதாக வரும்வரை நாள்கணக்கில் மூச்சு கொடுக்க வேண்டும். சீக்கிரம் வா என்று டாக்டர்கள் கத்துவது இதற்காகத்தான்.

சங்கிலியும் வைக்கோல்போரும்

பாம்பு நாயைத் தேடி வருவதில்லை, எலியைத் தேடி வருகிறது. இரவெல்லாம் வாசலில் மிச்சச் சோற்றோடு கிடக்கும் நாயின் தட்டு எலிக்கு விருந்து, பின்னாலேயே பாம்பு. வைக்கோல்போர், விறகு அடுக்கு, கோழிக்கூடு இவற்றின் பக்கத்தில் நாயைச் சங்கிலியில் கட்டிப்போடுவது நம் கிராமங்களில் சகஜம். அவிழ்த்துவிட்ட நாயாவது விலகி ஓடலாம். கட்டிய நாய்க்குச் சண்டை போடுவதைத் தவிர வழியில்லை; அதைத்தான் பிறகு விசுவாசம் என்று எழுதுகிறோம்.

வாசலில் ஆகாசக் கருடன் கிழங்கு தொங்கவிடலாம், வேலியோரம் சிறியாநங்கை வைக்கலாம், பாம்பு அதைப் பொருட்படுத்துவதாகச் சான்று இல்லை. பினாயில் ஊற்றுவது பூனை உள்ள வீட்டில் ஆகவே ஆகாது. அதை மிதித்த பாதத்தை நக்கியே பூனை நஞ்சேறிப்போகும். புல்லை ஒட்ட வெட்டுவது, இரவில் நாயை டார்ச்சோடும் வாரோடும் கூட்டிப்போவது, தட்டைக் கழுவி எடுத்துவைப்பது என்ற சலிப்பான காரியங்கள்தான் பலன் தருகின்றன.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். 2030க்குள் இதைப் பாதியாக்க 2024 மார்ச்சில் மத்திய அரசு செயல்திட்டம் அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்யவேண்டிய நோயாக்கியது. இனி மனிதருக்கு நேரும் கடிகள் கணக்கில் வரும். நாய், பூனை, ஆடு, மாடுகளுக்கு அப்படி ஒரு பேரேடு இல்லை. கால்நடை மருந்தகத்தில் எத்தனை குப்பி இருப்பு வைக்க வேண்டும் என்று எதை வைத்துக் கணக்குப் போடுவது?

அதுவரை நாமே ஒரு வேலை செய்து வைக்கலாம். இந்த வாரத்தில் ஒருநாள் வழக்கமாகப் போகும் டாக்டருக்கு போன் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: உங்களிடம் விஷமுறிவு மருந்து இருக்கிறதா, இரவில் யார் பார்ப்பார்கள், செயற்கை மூச்சுக் கருவி உண்டா. இல்லை என்றால் எங்கே இருக்கிறது என்று அவரே சொல்வார். சென்னை வாசிகளுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மற்ற ஊர்களில் இதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கால்நடை ஆம்புலன்ஸின் 1962 எண்ணும் போனில் இருக்கட்டும், ஆனால் வண்டிக்குக் காத்திருப்பதைவிட ஆட்டோ பிடித்துப் போவது விரைவென்றால் அதையே செய்யுங்கள்.

பிழைத்து வீடு வந்த நாயை அன்றோடு விட்டுவிடக் கூடாது. விரியன் கடித்ததென்றால் ரத்த உறைவை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சரிபார்த்த பிறகே வீட்டுக்கு அனுப்புவார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து சிறுநீரகப் பரிசோதனைக்கு வரச்சொன்னால் 'அதான் சாப்பிடுதே' என்று போகாமல் இருந்துவிடாதீர்கள். சிறுநீர் அளவு குறைந்தாலோ, வாந்தி எடுத்தாலோ உடனே போக வேண்டும். கடித்த இடத்தில் தோல் ஒரு வாரம் கழித்துக்கூடக் கறுத்து உரியும், அதற்குக் கட்டு மாற்ற வேண்டும். மருந்து ஏற்றிய தேதியையும் குப்பி எண்ணிக்கையையும் தடுப்பூசி அட்டையிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒருமுறை பிழைத்ததால் விஷம் ஏறாத உடம்பு ஆகிவிடாது, புத்தியும் வந்துவிடாது. அதே வைக்கோல்போரில் அதே மூக்கை நுழைக்கும். அடுத்தமுறை மருந்து ஏற்றும்போது குதிரைப் புரதம் ஒத்துக்கொள்ளாமல் போகும் வாய்ப்பு கூடுதல் என்பதால், ஊசியைக் கையில் எடுக்கும் முன்பே டாக்டர் அந்த அட்டையைப் பார்த்தாக வேண்டும்.